லேபிளில் மாடு, பெட்டியில் குதிரை: 2013 ஐரோப்பிய இறைச்சி மோசடி – ஒரு நிகழ்வு ஆய்வு

டெஸ்கோ என்ற பிரிட்டன் சூப்பர்மார்க்கெட் கடையின் ஃப்ரீசரில் கிடந்த 'எவ்ரிடே வேல்யூ' பாக்கெட்டில் எட்டு பர்கர். பிரிட்டனில் விலை 1 பவுண்டு. ஒரு பர்கருக்குப் பன்னிரண்டரை பென்ஸ்தான் ஆகிறது. மாட்டை வளர்த்து, அறுத்து, எலும்பு நீக்கி, அரைத்து, உறைய வைத்து, லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, அதில் கடைக்காரரும் லாபம் பார்ப்பதற்குப் பன்னிரண்டரை பென்ஸ் எப்படிக் கட்டுப்படியாகும் என்று யோசித்திருந்தால் அப்போதே பாதிக் கதை புரிந்திருக்கும். யாரும் யோசிக்கவில்லை. நானும் கடையில் விலையைப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுகிற ஜாதிதான். குறை சொல்ல வரவில்லை.

பாக்கெட்டைத் திருப்பினால் பொடி எழுத்தில் சேர்மானங்கள்: மாட்டிறைச்சி 63 சதவீதம், வெங்காயம் 10 சதவீதம், அடுத்து கோதுமை மாவு, தண்ணீர், மாட்டுக் கொழுப்பு, சோயாப் புரதம், உப்பு, இன்னும் சில பொடிகள். பிரிட்டன் சட்டப்படி ஒரு பண்டத்துக்கு 'பீஃப் பர்கர்' என்று பெயர் வைக்க வேண்டுமென்றால் அதில் குறைந்தது 62 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் 'எகானமி பர்கர்' என்று போட வேண்டும்; அதற்கு 47 சதவீதம் போதும். 63 என்பது 35 மார்க் வாங்கிப் பாஸாகிற பையனின் கணக்கு. ஆனால் பாஸ் பாஸ்தான். எடை வரிசைப்படி பட்டியல் இருந்தது, பெயரில் வரும் பொருளுக்குச் சதவீதம் இருந்தது, ஒவ்வாமை தரக்கூடிய கோதுமையும் சோயாவும் குறிப்பிடப்பட்டிருந்தன. லேபிள் சட்டம் கேட்டது எல்லாமே அந்தப் பாக்கெட்டில் இருந்தது.

2013 ஜனவரி 15 அன்று, அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. அதில் இந்த வகை பர்கர் ஒன்றிலிருந்த இறைச்சியில், மாட்டோடு ஒப்பிட்டால் 29.1 சதவீதம் குதிரை.

இந்த மோசடியை எழுதியவர்கள் பெரும்பாலும் 'லேபிள் போதவில்லை' என்றுதான் முடித்தார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பாக்கெட்டின் பின்னால் அச்சடித்தவர் தனக்குத் தெரிந்ததைத்தான் அச்சடித்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சரக்கோடு வந்த காகிதம். பொய் அந்தக் காகிதத்தில், நாலைந்து கை தாண்டி, எங்கோ ஒரு குளிர்கிடங்கில் ஏறியிருந்தது. அதை வழிநெடுகப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

தேடியதால் கிடைத்தது

அயர்லாந்து ஆணையம் பெரிய துப்பறியும் வேலையாக இதை ஆரம்பிக்கவில்லை. விற்கும் இறைச்சிப் பண்டங்களில் சொன்ன விலங்குதான் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சாதாரண ஆய்வு. 2012 கடைசியில் கடைகளில் விலைகொடுத்து வாங்கிய பாக்கெட்டுகள், டப்ளினில் உள்ள ஐடென்டிஜென் என்ற ஆய்வகத்துக்குப் போயின. முடிவு வந்ததும் அவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடி சோதித்தார்கள், ஜெர்மனியில் யூரோஃபின்ஸ் ஆய்வகத்துக்கும் அனுப்பி உறுதி செய்துகொண்டார்கள். வெளியில் சொல்வதற்கு இத்தனை வாரங்கள் ஏன் என்று பிறகு திட்டு வாங்கினார்கள். ஒரு நாட்டின் ஏற்றுமதித் தொழிலையே ஆட்டிவைக்கப்போகிற எண்ணை ஒரே சோதனையை நம்பி வெளியிடாததற்காக அவர்களைத் திட்டுவது சரியில்லை.

டி.என்.ஏ. சோதனையின் ஒரு குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இறைச்சியை அரைத்தாலும் வேகவைத்தாலும் அதன் டி.என்.ஏ. முழுதாக அழிந்துபோவதில்லை, ஒரு துளியிலிருந்து அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிப் பார்க்க முடியும். ஆனால் அந்தச் சோதனை 'இது என்ன?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. 'இதில் குதிரை இருக்கிறதா?' என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் சொல்லும். மாடு இருக்கிறதா என்று கேட்டால் 'இருக்கிறது' என்று உண்மையைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்கும் குதிரையைப் பற்றி வாயே திறக்காது. பிரிட்டனிலும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் நல்ல ஆய்வகங்களுக்குக் குறைவில்லை. குதிரை இருக்கிறதா என்று யாரும் வழக்கமாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

27 பர்கர்களைச் சோதித்ததில் 10-இல் குதிரை டி.என்.ஏ. அந்தப் பத்தில் ஒன்பதில் வெறும் சுவடு. ஒன்றில்தான் அந்த 29.1. ஆனால் 23 பர்கர்களில் பன்றி டி.என்.ஏ. இருந்தது. லசான்யா (மாவுத் தகடுகளுக்கு நடுவே கைமா வைத்துச் செய்வது), காட்டேஜ் பை மாதிரி 31 தயார் சாப்பாடுகளைப் பார்த்ததில் 21-இல் பன்றி. பத்திரிகைகள் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓடின. பன்றியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பர்கர்களைச் செய்த ஆலைகள் மூன்று: அயர்லாந்தில் லிஃபி மீட்ஸ், சில்வர்கிரெஸ்ட், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் டேல்பாக். டெஸ்கோவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் சுமார் 30 கோடி பவுண்டு இறங்கியது. நாளிதழ்களில் முழுப்பக்க மன்னிப்பு விளம்பரம் வந்தது. சுமார் ஒரு கோடி பர்கர்கள் கடைகளிலிருந்து திரும்பப் போயின. அயர்லாந்து அரசின் விசாரணை, போலந்து லேபிள் ஒட்டி வந்த உறைந்த துண்டுக்கறிக் கட்டிகளைக் காட்டியது. போலந்து மறுத்தது.

நியூரி குளிர்கிடங்கு

எல்லாரும் ஜனவரி 15-இலிருந்து கதையை ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் அதற்கு நாலு மாதம் முன்பே ஒருவர் கண்ணில் இது பட்டுவிட்டது.

2012 செப்டம்பர். வட அயர்லாந்தில் நியூரி என்ற ஊர். அங்கே ஒரு குளிர்கிடங்கில் வழக்கமான சோதனைக்குப் போன உள்ளாட்சி சுகாதார ஆய்வாளர், ஒரு சரக்கின் முன் நின்றார். பலகைகளில் அடுக்கிச் சுற்றிக் கட்டிய உறைந்த இறைச்சி. கட்டியிருந்த விதமும் ஒட்டியிருந்த லேபிளும் ஒத்துப்போகவில்லை. சரக்கு அங்கேயே முடக்கப்பட்டது. இறைச்சியை அவர் முகர்ந்து பார்க்கவில்லை, சோதனைக்குழாயும் கையில் இல்லை. லேபிளைப் படித்தார், பெட்டியைப் பார்த்தார். இரண்டும் வேறுவேறு கதை சொல்கின்றன என்று பட்டது.

சரக்கு கிடந்தது கிடந்தபடி கிடந்தது. அயர்லாந்துச் செய்தி வெடித்த பிறகுதான் அதிலிருந்து மாதிரிகள் எடுத்தார்கள். 2013 பிப்ரவரி தொடக்கத்தில் முடிவு வந்தது: 12 மாதிரிகளில் இரண்டில் சுமார் 80 சதவீதம் குதிரை. உறைந்த கட்டிகளுக்குள்ளிருந்து குதிரைகளின் உடலில் பொருத்தும் அடையாளச் சில்லுகளும் (மைக்ரோசிப்) கிடைத்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் போலந்திலும் அயர்லாந்திலும் இருந்த பழைய உரிமையாளர்கள் வரை போக முடிந்தது. யோசித்துப் பாருங்கள், உயிரோடிருந்த குதிரைக்கு இருந்த அடையாளம் அதன் இறைச்சிக்கு இல்லாமல் போயிற்று.

வழக்கு 2017-இல்தான் முடிந்தது. வட லண்டனின் டாட்டன்ஹாமில் ஒரு இறைச்சி நிறுவனம். அதன் உரிமையாளரும் ஒரு டேனிஷ் வியாபாரியும் கூட்டு. குதிரை ஒரு பக்கமிருந்து வரும், மாட்டிறைச்சி இன்னொரு பக்கமிருந்து வரும். இரண்டையும் கலந்து, புது லேபிளும் புதுக் காகிதமும் போட்டு, முழுக்க மாடு என்று அனுப்புவார்கள். லண்டன் நீதிமன்றம் ஒருவருக்கு நாலரை ஆண்டும் மற்றவருக்கு மூன்றரை ஆண்டும் சிறை விதித்தது. இந்த மோசடிக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பிரிண்டரும் பசையும் போதுமானதாக இருந்தன.

லசான்யா போன வழி

பர்கரிலாவது குதிரை கலப்படம். லசான்யாவில் பல பெட்டிகளில் கலப்பதற்கு மாடே இல்லை. பிப்ரவரி 7 அன்று பிரிட்டனின் உணவுத் தர முகமை அறிவித்தது: ஃபைண்டஸ் நிறுவனத்தின் பீஃப் லசான்யாவில் சோதித்த 18-இல் 11-இல் குதிரை, அளவு 60 முதல் 100 சதவீதம் வரை.

அந்தப் பெட்டி பிரிட்டன் கடையில் விற்றது. செய்யப்பட்டது லக்ஸம்பர்க்கில், கோமிஜெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஆலையில். கோமிஜெல் இறைச்சி வாங்கியது தென்மேற்கு பிரான்சின் காஸ்டெல்னோதரி ஊரிலிருந்த ஸ்பாங்கெரோ நிறுவனத்திடம். (அவரைக்கொட்டையும் இறைச்சியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் கஸ்ஸூலே என்ற சமையலுக்குப் பேர்போன ஊர் அது. பாவம், அந்த வருஷம் வேறு காரணத்துக்குப் பேர்பெற்றது.) ஸ்பாங்கெரோ வாங்கியது சைப்ரஸில் பதிவான ட்ராப் என்ற வர்த்தக நிறுவனத்திடம், அதை நடத்தியவர் டச்சுக்காரர். ட்ராப் வாங்கியது ருமேனிய இறைச்சிக்கூடங்களிலிருந்து. சரக்கு நடுவில் நெதர்லாந்தின் பிரெடா நகரக் குளிர்கிடங்கில் தங்கிப் போனது. இறைச்சியைத் தொட்டவர்களை விட அதன் காகிதத்தைத் தொட்டவர்கள் அதிகம்.

எல்லாருடைய கையும் முதலில் ருமேனியாவைத்தான் காட்டியது. ஏழை நாடு, வண்டிக் குதிரைகள் நிறைய, எனவே அவர்கள்தான் செய்திருப்பார்கள் என்ற எண்ணம். பிரதமர் விக்டர் பொன்டா கோபமாக மறுத்தார். அவர் சொன்னது சரி: ருமேனியக் கூடங்கள் குதிரையைக் குதிரை என்றே எழுதி, குதிரை விலைக்கே விற்றிருந்தன. ஐரோப்பாவில் குதிரைக்கறி தின்பது குற்றமில்லை. பிரான்சில் அதற்கென்றே தனிக் கசாப்புக் கடைகள் உண்டு. குதிரை என்று சொல்லி விற்றிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பிப்ரவரி 14 அன்று பிரான்சின் நுகர்வோர் துறை அமைச்சர் பெனுவா ஆமோன் விசாரணை முடிவை வைத்தார். திருப்பம் ஒரு எண்ணில் இருந்தது. உலகம் முழுக்கச் சுங்கத்தில் பயன்படும் பொருள் குறியீட்டில் உறைந்த மாட்டிறைச்சி 0202 என்று தொடங்கும். குதிரை, கழுதை, கோவேறு கழுதை இறைச்சிக்கு 0205. ட்ராப் நிறுவனத்தின் காகிதத்தில் இருந்தது 0205. அந்தச் சரக்கு ஸ்பாங்கெரோவை விட்டு வெளியே போகும்போது அதன்மேல் 'மாட்டிறைச்சி, தோற்றம் ஐரோப்பிய ஒன்றியம்' என்றிருந்தது. நாலு இலக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டியவர்கள் படிக்கவில்லை அல்லது படித்துவிட்டு வேறு எழுதினார்கள். விலையும் சந்தை விலைக்குக் கீழே இருந்தது. கோமிஜெலையும் விசாரணை செய்தவர்கள் விட்டுவைக்கவில்லை: பனி இளகும்போது இறைச்சியின் நிறமும் வாசனையும் வேறாக இருந்திருக்கும், கவனித்திருக்க வேண்டும் என்றார்கள். ஆறு மாதத்தில் 750 டன் குதிரை, அதில் 500 டன் கோமிஜெலுக்கு, அதிலிருந்து 45 லட்சம் பண்டங்கள், 13 நாடுகள்.

ஸ்பாங்கெரோ தொடக்கத்தில் எல்லாவற்றையும் மறுத்தது. அங்கே சுமார் 300 பேர் வேலை பார்த்தார்கள். நிறுவனம் அந்த ஆண்டையே தாண்டவில்லை. 2019 ஏப்ரலில் பாரிஸ் நீதிமன்றம் டச்சு வியாபாரிக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. ஸ்பாங்கெரோவின் முன்னாள் இயக்குநருக்கும் இரண்டு ஆண்டு, அதில் 18 மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த டச்சு வியாபாரி புது ஆள் இல்லை. தென்னமெரிக்கக் குதிரைக்கறியை ஹலால் மாட்டிறைச்சி என்று விற்றதற்காக 2012 ஜனவரியிலேயே நெதர்லாந்து நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தது. 'ட்ராப்' என்ற பெயரின் டச்சு எழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னால் வாசித்தால் 'பார்ட்' என்று வரும். டச்சு மொழியில் அதற்கு அர்த்தம் குதிரை. நிறுவனத்தின் பெயர்ப்பலகையிலேயே உண்மை தலைகீழாக எழுதியிருந்தது!

இந்த நீண்ட வழியில் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். சட்டம் இருந்தது. ஐரோப்பிய உணவுச் சட்டம் 2005 முதல் ஒவ்வொரு நிறுவனமும் சரக்கின் தடத்தை வைத்திருக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு தூரத்துக்கு? ஒரு படி பின்னால், ஒரு படி முன்னால். யாரிடம் வாங்கினாய், யாருக்கு விற்றாய், அவ்வளவுதான் கேள்வி. கோமிஜெலுக்கு ஸ்பாங்கெரோவைத் தெரியும். அதற்குப் பின்னால் சைப்ரஸும் பிரெடாவும் ருமேனியாவும் இருப்பது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஃபைண்டஸுக்கு அதுவும் வேண்டியதில்லை. தடம் முழுதாக யார் கையிலும் இல்லை. துண்டு துண்டாக எல்லார் கையிலும் இருந்தது. அப்படியிருக்க, லசான்யா பெட்டிக்கு லேபிள் எழுதுபவர் என்ன எழுத முடியும்?

'இறைச்சி' என்றால் என்ன

கொஞ்சம் விலகிப் போகிறேன். மோசடியைப் பேசிப் பேசி, சட்டப்படி நடக்கும் விஷயத்தை மறந்துவிடுகிறோம்.

நாம் கசாப்புக் கடையில் நின்று 'கொழுப்பு கொஞ்சம் குறைச்சுப் போடுங்க பாய்' என்கிறோம். ஐரோப்பியச் சட்டம் அதை எண்ணாக எழுதியிருக்கிறது. லேபிளில் 'மாட்டிறைச்சி' என்று ஒற்றைச் சொல்லாகப் போட வேண்டுமென்றால் அது எலும்போடு ஒட்டிய தசையாக இருக்க வேண்டும். அதோடு இயல்பாக ஒட்டிவரும் கொழுப்பு 25 சதவீதம் வரைக்கும், சவ்வு, நரம்பு முதலியவை 25 சதவீதம் வரைக்கும் 'இறைச்சி' என்றே கணக்காகும். பன்றிக்குக் கொழுப்பு 30 வரை போகலாம், கோழிக்கு 15-தான். வரம்பைத் தாண்டிய கொழுப்பைத் தனியாகக் 'கொழுப்பு' என்று எழுத வேண்டும். அந்த பர்கர் லேபிளில் 'மாட்டுக் கொழுப்பு' என்று தனியாக ஒரு சொல் வந்ததே, அது இந்த மாதிரிக் கணக்கில்தான் வரும். ஆக '63 சதவீதம் மாட்டிறைச்சி' என்று படிக்கும் வீட்டுக்காரர் மனதில் வருகிற கறியும், சட்டத்தின் மனதில் இருக்கிற கறியும் ஒன்றில்லை. இதில் பொய் எதுவும் கிடையாது.

எலும்பிலிருந்து இயந்திர அழுத்தத்தில் பிழிந்தெடுக்கும் கூழை இறைச்சிக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 'இயந்திரத்தால் பிரித்த இறைச்சி' என்று தனியே எழுத வேண்டும். இதில் ஒரு சுவையான கிளைக்கதை. பிரிட்டனில் குறைந்த அழுத்தத்தில் எலும்பைச் சுரண்டி எடுத்ததை இறைச்சியாகவே கணக்கிட்டு வந்தார்கள். ஐரோப்பிய ஆணையம் ஒத்துக்கொள்ளவில்லை; 2012 ஏப்ரலில் மாட்டெலும்பு, ஆட்டெலும்பிலிருந்து அப்படி எடுப்பதை நிறுத்த வைத்தது. மலிவு பர்கர்காரர்களுக்கு ஒரே நாளில் மலிவுச் சரக்கு ஒன்று போயிற்று. இடைவெளியைக் குதிரை நிரப்பியது என்று தொழிலில் சிலர் சொன்னார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்த டச்சு வியாபாரி இதற்கெல்லாம் முன்பே குதிரையை மாடாக்கிக்கொண்டிருந்தார் என்பதால் இந்த விளக்கத்தை நான் முழுக்க நம்புவதில்லை.

யாரும் பேசாத பன்றி

குதிரையைத் தின்றதில் பிரிட்டிஷ்காரர்களுக்கு மனசு கசந்தது. அவர்களுக்குக் குதிரை செல்லப் பிராணி. முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் அந்த 23 பர்கர்தான் செய்தி. ஒரே ஆலையில் காலையில் பன்றி, மதியம் மாடு என்று ஓட்டினால், எவ்வளவு கழுவினாலும் இயந்திரத்தில் சுவடு தங்கும். பெரும்பாலான பன்றிச் சுவடு அப்படி வந்ததுதான், மோசடி இல்லை. அதே பிப்ரவரியில் பிரிட்டன் சிறைகளுக்குப் போன 'ஹலால்' பை வகைகளில் பன்றி டி.என்.ஏ. இருந்ததாக நீதித்துறை அமைச்சகமே ஒத்துக்கொண்டது. கைதிக்குக் கடை மாற்றும் வசதி கிடையாது. தட்டில் வருவதைத்தான் தின்ன வேண்டும்.

அதிகாரிகள் 1 சதவீதத்தை எல்லைக்கோடாக வைத்தார்கள். அதற்கு மேல் போனால் வேண்டுமென்றே செய்தது, கீழே என்றால் தற்செயல். கலப்பட வழக்குக்கு இது நியாயமான கோடு. பன்றி கூடாது என்பவருக்கு அரை சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டா என்ன? சேர்மானப் பட்டியல் என்பது ஆலைக்காரர் சேர்த்ததைச் சொல்வது. தானாக வந்து சேர்ந்ததைச் சொல்வதற்கு அதில் வரி இல்லை.

நம் ஊரில் இதே விஷயம் வேறு மாதிரி நடந்தது. 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து ரயிலில் எழும்பூருக்கு வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியைப் பிடித்து, வால் நீளமாக இருக்கிறது, நாய்க்கறிதான் என்று சேதி பரவியது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்துப் பார்த்து ஆட்டிறைச்சி என்று சொல்வதற்குள் வாட்ஸாப்பில் பிரியாணிக் கடைகளின் மானம் கப்பலேறிவிட்டது. அங்கே லேபிளை நம்பிக் குதிரையைத் தின்றார்கள். இங்கே லேபிள் சரியில்லாததால் ஆட்டை நாயாக்கினோம். நம் பாக்கெட்டுகளில் அசைவத்துக்குக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் போடுகிறோம். எந்த விலங்கு என்று அந்த முக்கோணத்துக்குத் தெரியாது. பின்னால் உள்ள பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

மருந்துப் பயம்

உடல்நலப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குதிரைகளுக்கு வலிக்குத் தரும் ஃபினைல்பியூட்டசோன் என்ற மருந்து உணவுக்குப் போகும் விலங்குக்குத் தரக்கூடாதது. பிரிட்டனில் 206 குதிரை உடல்களைச் சோதித்ததில் 8-இல் இருந்தது. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ், முழுக் குதிரை பர்கரை ஒரு நாளைக்கு 500, 600 தின்றால்தான் மனிதருக்குத் தரும் மருந்தளவை நெருங்கும் என்றார். ஆபத்து சொற்பம். ஆனால் ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு உண்டு, இந்த மருந்து ஏறிய குதிரை உணவுக்குப் போகக்கூடாது என்று அதில் எழுத வேண்டும். இங்கேயும் பிரச்சினை காகிதத்தில்தான்.

காவலுக்கு இருந்தவர்கள்

பிரிட்டனில் 2010 வரை உணவு லேபிளும் உணவுப் பாதுகாப்பும் ஒரே முகமையிடம் இருந்தன. அந்த ஆண்டு இங்கிலாந்தில் அதைப் பிரித்து, என்ன சேர்மானம், என்ன லேபிள் என்பதைச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் சத்துணவை நலத்துறைக்கும் கொடுத்தார்கள். நெருப்புப் பிடித்த பிறகு யார் வாளியைத் தூக்குவது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாட்டின் தணிக்கை அலுவலகமே இந்தக் குழப்பத்தைக் குறிப்பிட்டது. தனியார் தணிக்கைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேதி சொல்லிவிட்டு வரும் தணிக்கை, சுத்தத்தையும் வெப்பநிலையையும் பார்க்கும். வருகிற கறி என்ன கறி என்பது அந்தப் படிவத்தில் இல்லாத கேள்வி.

பிரிட்டன் அரசு, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் எலியட்டைக் கூப்பிட்டு ஆராயச் சொன்னது. 2014-இல் வந்த அவருடைய இறுதி அறிக்கையில் எனக்குப் பிடித்தது, இதை அவர் 'குற்றம்' என்று பெயர் சொல்லி அழைத்தது. சொல்லாமல் போய் நிற்கும் தணிக்கை வேண்டும், ஆய்வகங்கள் வேண்டும், போலீஸ் புத்தியோடு வேலை செய்யும் தனிப் பிரிவு வேண்டும் என்றார். உணவுக் குற்றத்துக்கென்று ஒரு தேசியப் பிரிவு அதன் பிறகு அமைந்தது. லேபிளில் இன்னும் நாலு வரி சேருங்கள் என்பதோடு அவர் நிறுத்தவில்லை.

கடைசியில் லேபிளுக்கு என்ன ஆயிற்று

ஐரோப்பிய ஒன்றியம் நாடுகளையெல்லாம் சோதிக்கச் சொன்னது. ஏப்ரலில் முடிவு: 4,144 சோதனைகளில் 193-இல் குதிரை, அதாவது 4.66 சதவீதம். ஐக்கியா கடையின் மீட்பால், நெஸ்லேயின் ரவியோலி என்று பெரிய பெயர்களும் பட்டியலில் வந்தன. நெதர்லாந்தில் ஒரே ஒரு வியாபாரியின் இரண்டு ஆண்டுச் சரக்கு, 50,000 டன், திரும்பப் பெறச் சொல்லப்பட்டது. அத்தனையும் குதிரை என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று அவர் காகிதங்களை வைத்துச் சொல்ல முடியவில்லை, அதற்காகத்தான். அவற்றில் பெரும்பகுதி அதற்குள் தின்று தீர்ந்திருக்கும்.

பிறகு பழைய சண்டை திரும்பி வந்தது: இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று போட வேண்டுமா? பசுப்பித்த நோய்க்குப் பிறகு பச்சை மாட்டிறைச்சிக்கு அது ஏற்கனவே கட்டாயம். பச்சைப் பன்றி, செம்மறி, வெள்ளாடு, கோழிக்கு 2015 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. பிரச்சினை லசான்யாவுக்குள் போன கைமாவில். அதே துண்டுக்கறி தட்டில் வைத்து விற்றால் நாடு தெரிய வேண்டும். அரைத்து மாவுத் தகடுக்கு நடுவே வைத்தால் தெரிய வேண்டியதில்லை. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் அறிக்கை, நுகர்வோரில் 90 சதவீதம் பேர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்றது. அதற்காக விலை கொஞ்சம் ஏறும் என்றால் ஆர்வம் சரசரவென்று இறங்குகிறது என்றும் சொன்னது. 2015 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 460-க்கு 204 என்ற வாக்கில் கட்டாயமாக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஆணையம் அசையவில்லை. பிரான்ஸ் பொறுக்காமல் 2017 ஜனவரி முதல் தன் நாட்டில் சோதனையாகக் கொண்டுவந்தது. 2020 ஏப்ரல் முதல் ஒன்றியம் முழுக்க ஒரு சமரச விதி: லேபிளில் கொடியோ நாட்டுப் பெயரோ காட்டி விற்றால், முக்கியச் சேர்மானம் வேறிடத்தது என்றால் அதைச் சொல்ல வேண்டும். எதையும் காட்டாதவர் எதையும் சொல்ல வேண்டாம்.

நாடு போடும் விதியை நான் ஆதரிக்கிறேன், ஆனால் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல. 'ருமேனியா' என்று படித்தால் வாங்குபவர் என்ன முடிவுக்கு வருவார் என்பதில் எனக்கு அக்கறையில்லை. அநேகமாகத் தப்பான முடிவுக்குத்தான் வருவார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அச்சடிக்க வேண்டுமென்றால், ஆலைக்காரர் ஒரு படி பின்னால் பார்த்து நிறுத்திக்கொள்ள முடியாது. லசான்யா ஆலை ஸ்பாங்கெரோவைக் கேட்டு, அது ட்ராப்பைக் கேட்டு, அந்த 0205 எழுதிய காகிதம் யார் கையிலாவது மேஜைக்கு வந்தே தீரும். அங்கேயும் பொய் எழுதலாம்தான். ஆனால் ஒரு பொய்க்குப் பதில் மூன்று பேர் சேர்ந்து மூன்று பொய் எழுத வேண்டியிருக்கும்.

ஐரோப்பாவில் எந்தத் தயார் இறைச்சிப் பெட்டியை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு சின்ன நீள்வட்ட முத்திரை இருக்கும். உள்ளே நாட்டுக் குறியீடு, ஆலை எண். லக்ஸம்பர்க் ஆலை என்றால் எல்.யூ., பிரான்ஸ் என்றால் எஃப்.ஆர். பலர் அதைப் பார்த்து இறைச்சி வந்த ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பண்டம் கடைசியாகக் கைமாறிய ஆலையின் விலாசம். குதிரை நிரம்பிய லசான்யாவுக்கும் அதே மாதிரி முத்திரைதான் போட்டிருப்பார்கள், அந்த அளவில் சரியாகவே. 'மாட்டிறைச்சி'க்குப் பக்கத்தில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம், உறைந்த லசான்யாவுக்கு, அந்த 2020 விதிக்குப் பிறகும் ஒன்றியம் முழுமைக்கும் வரவில்லை.